இலுப்பை: பழமொழிக்குள் சிக்கிய மரம்

"ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்ற பழமொழியைக் கேட்டிராத தமிழர் அரிது. இலுப்பைப்பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களும் இன்று அரிதுதான். நல்ல பாடகர் கிடைக்காத திருவிழாவில் சுமாரானவர் மேடையேறினால் இதைச் சொல்வார்கள். டாக்டர் இல்லாத ஊரில் மருந்துக்கடைக்காரர் ஊசி போட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆலை என்பது இங்கே கரும்பாலை. கரும்பு ஆட்டும் ஊரில் வெல்லம் கிடைக்கும். ஆட்டாத ஊரில் இலுப்பைப்பூவைத் தின்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று பொருள். பழமொழி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. மாட்டிக்கொண்டது மரம். இல்லாத குறைக்கு வைத்துக்கொள்ளும் இரண்டாந்தரச் சரக்கு என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்த மரம் இந்த மண்ணில் பார்த்த வேலைகளைக் கணக்கெடுத்தால் சர்க்கரை அதில் ஓரத்தில்தான் வரும்.

உண்மையில் இலுப்பையின் கதை விளக்கின் கதை. ஆனால் அந்தப் பூ விசித்திரமான பூ. அதைத் தாண்டி விளக்குக்குப் போக மனம் வரவில்லை. பூவை முதலில் பார்த்துவிடுவோம்.

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்த மரம் இலுப்பை. சப்போட்டா, மகிழம், பாலை ஆகியவற்றின் குடும்பம். கிள்ளினால் பால் வடியும். ஐம்பது அறுபது அடி உயரத்துக்கு வளர்ந்து, குடை விரித்தாற்போல் அடர்ந்து நிற்கும். இலைகள் நீண்டு, கிளை நுனியில் கொத்தாக இருக்கும். 1771இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு பாசியா லாஞ்சிஃபோலியா என்று பெயர் வைத்தார். பாசி என்பவர் இத்தாலியத் தாவரவியலாளர். பின்னாளில் அந்தப் பெயர் போய், வடமொழி 'மதூக'த்திலிருந்து எடுத்த மதுக்கா என்பது நிலைத்தது. நடு இந்தியக் காடுகளில் 'மகுவா' என்று கொண்டாடப்படுவதும் இதே இனம்தான். அங்கே இலை அகலம், இங்கே இலை குறுகல். தெலுங்கில் இப்ப, கன்னடத்தில் இப்பெ, மலையாளத்தில் இலிப்ப. சங்கப் பாடல்களில் இதன் பெயர் இருப்பை.

மாசி, பங்குனியில் மரம் இலையைக் கொட்டிவிடும். அடுத்துக் கிளை நுனிகளில் மொட்டுக் கொத்துகள் வரும், கூடவே செப்புத் தகடு போலச் செக்கச் சிவந்த கொழுந்தும் வரும். பூ மலர்வது இரவில். வெளுப்பான, சதைப்பற்றுள்ள சின்னஞ்சிறு குடம் போல இருக்கும், தலைகீழாகத் தொங்கும். அதன் நடுவே சூல்தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் பூ வாடி உதிர்வதில்லை. இதழ்க்குடம் மட்டும் தன் காம்பிலிருந்து முழுசாகக் கழன்று விழுந்துவிடும். சூல்தண்டு மரத்திலேயே நிற்கும். அது நுழைந்திருந்த இடத்தில் உதிர்ந்த பூவில் ஓட்டை இருக்கும். விடிகாலையில் மரத்தடிக்குப் போனால் தரை முழுக்க வெள்ளை மணிகள். நூல் கோக்கத் தயாராக ஓட்டையும் போட்டுத் தந்திருக்கும்.

இவ்வளவு நுணுக்கத்தையும் சங்கப் புலவர்கள் பார்த்திருக்கிறார்கள். அகநானூற்றின் 9ஆம் பாட்டில் கல்லாடனார் இருப்பை மொட்டுக்கு ஓர் உவமை சொல்கிறார்: வில்வீரனின் அம்பறாத்தூணி புடைக்கத் திணித்து வைத்த அம்புகளின் நுனி. மொட்டுக் கொத்தை ஒரு முறை பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தளிரை அடித்த செப்புத் தகடு என்கிறார். பூவை நெய் விழுது என்கிறார். அது துளையுடையது என்கிறார், காம்பிலிருந்து கழன்று விழுகிறது என்கிறார். ஆலங்கட்டி மழை போலக் காற்றில் சிதறிய பூக்கள், பவளம் போன்ற செம்மண் பாதையில் கிடப்பது இரத்தத்தின் மேல் கொழுப்புத் துண்டுகள் கிடப்பது போல இருக்கிறதாம். அழகான பூவைப் பற்றிய பேச்சு திடீரென்று கசாப்புக்கடைக்குப் போய்விடுகிறது. பாட்டு பாலைத் திணை. வழிப்பறியும் சாவும் உள்ள பாதை. அந்த உவமை அங்கேதான் வரவேண்டும்.

குறுந்தொகையில் ஓதலாந்தையாரும் இதையே சொல்கிறார். வேனிலில் இருப்பையின் வெண்பூக்கள் கழன்று விழுந்து யானை நடக்கும் சிறுவழியையே மூடிவிடுகின்றன. நற்றிணையில் ஒருவர் இறாலின் பிசிர்த்தலையைப் பார்த்து இருப்பைப் பூ என்கிறார். கடற்கரைக்காரருக்கு இறாலைக் காட்ட வறண்ட நிலத்து மரத்தைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்றால், கேட்டவர்களுக்கு இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது அகநானூறு 331, மாமூலனார் பாட்டு. குட்டி போட்ட கரடி இருப்பையின் கிளைகளை உருவிப் பூவைத் தின்கிறது. அது தின்று மிச்சம் விட்டதைப் பழையர் என்ற குடியினரின் வீட்டுப் பெண்கள் மூங்கில் குழாய்களில் சேர்த்து, மலையடிச் சிற்றூரின் தெருத்தெருவாகக் கொண்டுபோகிறார்கள். கரடியின் எச்சில் பூ காசாகிற சித்திரம். இலுப்பைப்பூ வியாபாரம் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்தி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 81ஆம் பாட்டில் ஆலம்பேரி சாத்தனாரின் கரடி இன்னும் வசதியானது: இருப்பைப் பழம் தின்று தின்று சலித்துப்போய், கறையான் புற்றைத் தோண்டக் கிளம்பிவிடுகிறது. உறிஞ்சும் சத்தம் கொல்லன் துருத்தி போலக் கேட்கிறதாம். கரடிக்கும் இந்த மரத்துக்கும் உள்ள உறவு இன்றைக்கும் மாறவில்லை. நடு இந்தியாவில் மகுவா பூ விழும் பங்குனி, சித்திரை விடிகாலைகளில் பொறுக்கப் போகிற ஆட்களும் கரடியும் ஒரே மரத்தடியில் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்வதும், அடி வாங்குவதும் ஆண்டுதோறும் நடக்கிறது.

இரவுப் பூவுக்கு இரவில் வரும் விருந்தாளி வௌவால். பழந்தின்னி வௌவால்கள் இனிப்பு இதழைக் கவ்வ வரும். வந்த இடத்தில் மகரந்தத்தையும் பூசிக்கொண்டு போகும். ஆனி, ஆடியில் பழம் பழுக்கும்போது அதே வௌவால்கள் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய், வேறு மரத்தில் தொங்கியபடி சதையைத் தின்றுவிட்டு, கொட்டையைக் கீழே போடும். பூவுக்குத் தரகும் விதைக்குச் சுமைகூலியும் ஒரே ஆள். அதனால் வௌவால் அடையும் மரத்தடியில் இலுப்பைக்கொட்டை பொறுக்குவது கிராமத்துப் பெண்களுக்குத் தெரிந்த சூட்சுமம். மரம் ஏற வேண்டாம், பழம் உரிக்க வேண்டாம்.

சரி, அந்தப் பூ எவ்வளவு இனிப்பு? காயவைத்த பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். பச்சையாகத் தின்றால் தித்திப்போடு ஒரு மாதிரியான கனத்த வாசனையும் வரும்; நாலைந்துக்கு மேல் எல்லோராலும் தின்ன முடியாது. வெயிலில் காயவைத்தால் வாசனை அடங்கி, திராட்சை வற்றல் போலச் சுருங்கும். வறுத்து இடித்து, எள்ளோடு உருட்டித் தின்பார்கள். வறண்ட ஊர்களில், கோடையில், தானியக் குதிர் காலியாகும் மாதங்களில் இந்தப் பூ விழும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், களை எடுக்க வேண்டாம், வரி கட்ட வேண்டாம். கரும்பு விளைகிற ஊர்க்காரர் பார்வையில் அது மாற்றுச் சர்க்கரை. கரும்பையே பார்க்காத ஊரில் எதற்கு மாற்று? பழமொழியை உண்டாக்கியவர் ஆற்றுப் பாசனத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

நடு இந்தியாவில் இந்தப் பூவின் வரலாறே வேறு. கோண்டு, சந்தால் முதலான பழங்குடிகளுக்கு மகுவா உணவு, மருந்து, சாமிக்குப் படையல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாராயம். பூவை ஊறவைத்து, புளிக்கவைத்து, பானையில் வடிக்கிற சாராயம் கலால் வருமானத்தைக் கெடுக்கிறது என்று ஆங்கில அரசு மரத்தின் மேலேயே பாய்ந்தது. பம்பாய் மாகாணத்தில் 1892இல் கொண்டுவந்த மௌரா (அதாவது மகுவா) சட்டம், தாணே, கொலாபா மாவட்டங்களில் பூவைச் சேர்த்து வைப்பதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடு போட்டது. சாராயத்துக்குத் தடை போட்ட அரசுகளைப் பார்த்திருக்கிறோம். தரையில் விழுந்த பூவுக்குத் தடை போட்ட அரசு அது. முதல் உலகப் போர் வந்ததும் நிலைமை தலைகீழானது. வெடிமருந்துக்குத் தேவையான அசிட்டோனை இதே பூவிலிருந்து எடுக்க நாசிக்கில் ஆலை வைத்தார்கள். ஏழை காய்ச்சினால் குற்றம், பட்டாளத்துக்குக் காய்ச்சினால் தேசசேவை.

தமிழ்நாட்டில் இலுப்பைச் சாராயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது மரத்தின் அடையாளமாகவில்லை. பனையும் தென்னையும் கள் விஷயத்தைப் பார்த்துக்கொண்டதால் இலுப்பைக்கு இங்கே வேறு உத்தியோகம் கிடைத்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அந்த உத்தியோகம் விளக்கு.

பழத்துக்குள் ஒன்றோ இரண்டோ கொட்டை இருக்கும், பளபளப்பான பழுப்பு நிறத்தில். ஓட்டை உடைத்தால் பருப்பு. பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். மாடு சுற்றும் மரச்செக்கில் அவ்வளவும் வராது. கணிசமான பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அப்படியும் போதும் போதும் என்கிற அளவுக்கு எண்ணெய். மஞ்சள் நிறம், லேசான கசப்பு வாசனை. மார்கழிக் காலையில் கிண்ணத்தில் வெண்ணெய் போல உறைந்துவிடும். விளக்கேற்றுகிறவர்கள் அதை விரலால் வழித்து அகலில் போடுவார்கள்; திரியின் சூட்டில் அது தானாக உருகிக்கொள்ளும்.

சோழர் காலக் கோயில் விளக்கு என்றாலே நமக்கு ஆடுதான் நினைவுக்கு வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு கொடுத்தார்கள். அதை வளர்க்கிறவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டில் ஏறிய விளக்கு அது, வசதியுள்ளவர்கள் வைத்த விளக்கு. கல்வெட்டில் ஏறாத விளக்குகள், அதாவது வீட்டு மாடத்திலும் திண்ணையிலும் ஊர்ச்சாமி முன்னாலும் எரிந்தவை, பக்கத்தில் என்ன மரம் இருக்கிறதோ அதன் எண்ணெயில் எரிந்தன. கடற்கரைப் பக்கம் புன்னை, செம்மண் பக்கம் ஆமணக்கு, எங்கும் வேம்பு. மழை குறைந்த உள்நாட்டுக்கு இலுப்பை. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரத்தில் சாயங்காலம் வெளிச்சம் என்றால் ஒரு காலத்தில் இலுப்பை எண்ணெய்தான்.

ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூர். இலுப்பைக்குடி, இலுப்பையூர் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில் இலுப்பைப்பட்டு; சுந்தரர் பாடிய திருப்பழமண்ணிப்படிக்கரை என்ற தலம்தான் இன்று மரத்தின் பெயரால் வழங்குகிறது. தலமரமும் இலுப்பைதான். தேவாரப் பெயர் ஏடுகளில் இருக்க, மரத்தின் பெயர் பேருந்துப் பலகையில் ஏறிவிட்டது. திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கும் தலமரம் இலுப்பை. சங்கப் பாடல்களிலேயே இருப்பை என்று ஓர் ஊர் வருகிறது. விராஅன் என்ற வள்ளலின் ஊர், நெல்வயல் சூழ்ந்த செழிப்பான ஊர். தலைவியின் அழகுக்கு அதை உவமை சொல்கிறார் பரணர்.

கோயில்கள் இலுப்பையைத் தோப்பாக வைத்துக் காத்தன. இதில் பக்தி எவ்வளவு, வரவுசெலவு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஒரு தோப்பு இருந்தால் விளக்குக்கு எண்ணெய்க் கவலை இல்லை. விழுந்த கொட்டையைப் பொறுக்குகிறவருக்குக் கூலி, செக்காடுகிறவருக்குப் பங்கு, மிச்சம் கோயிலுக்கு. ஊர்ப்பொதுத் தோப்பு என்றால் ஆண்டுக்கொரு முறை மகசூல் ஏலம். ஏலம் எடுத்தவர் கொட்டையை எடுத்துக்கொள்வார். பூ பொறுக்கவும் நிழலில் உட்காரவும் யாரும் தடையில்லை. ஒரே மரத்தில் பூ ஏழைக்கு, கொட்டை ஏலதாரருக்கு, எண்ணெய் சாமிக்கு, இதழ் வௌவாலுக்கு. இலுப்பையை வெட்டினால் குடும்பம் விளங்காது என்று ஊரில் சொன்ன பயமுறுத்தல், இத்தனை பங்குதாரர் உள்ள சொத்துக்கு எழுதாத பத்திரம் போல.

எண்ணெய் போக மிஞ்சும் பிண்ணாக்கு ஒரு தனிச் சரக்கு. மாடு தொடாது, தொட்டாலும் ஆகாது. காரணம் அதிலுள்ள சப்போனின் என்ற நுரைக்கும் நச்சுப்பொருள். மாட்டுக்கு ஆகாத அதே பொருள்தான் தலைக்கு ஆகியது. பிண்ணாக்கைச் சுட்டு, அரைத்து, எண்ணெய்க் குளியலுக்குத் தேய்த்தால் சிகைக்காய் போல நுரைத்து எண்ணெயை இழுத்துவிடும். யாழ்ப்பாணத்தில் 'அரப்பு' வைத்து முழுகுவது என்றால் இந்த இலுப்பைப் பிண்ணாக்கைத்தான் சொல்வார்கள். கொங்கு நாட்டில் அதே சொல் உசில் இலைப்பொடியைக் குறிக்கும். இரண்டு ஊர்க்காரர்கள் 'அரப்பு' என்று பேசிக்கொண்டே இரண்டு வேறு பொருளை நினைத்துக்கொள்ளலாம்.

மீன்வளர்ப்புக்காரர்களுக்கும் இந்தப் பிண்ணாக்கு நன்றாகத் தெரியும். குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள விரால், கெளுத்தி போன்ற வேண்டாத மீன்களை ஒழிக்க, ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ வரை இதைக் கரைத்து விடுவார்கள். மீனின் இரத்த அணுக்களைச் சப்போனின் உடைத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் நச்சு அடங்கி, அதுவே குளத்துக்கு எருவாகிவிடும். இதைவிட வேடிக்கை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கோல்ஃப் மைதானங்களுக்கு இது கப்பலேறிப் போனது. அங்கே மண்புழு மண்ணைத் தள்ளிப் புல்தரையைக் கெடுக்கிறது என்று துரைமார் வருத்தப்பட்டார்கள். பிண்ணாக்குத் தூளைத் தூவித் தண்ணீர் விட்டால் புழு மேலே வந்து சாகும். நம் ஊர்ப் பெண்கள் தலைக்குத் தேய்த்தது அங்கே தரைக்குத் தேய்க்கப்பட்டது.

கொட்டையும் கப்பலேறியது. முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவிலிருந்து போன இலுப்பை, மகுவாக் கொட்டைகளில் பெரும்பகுதியை வாங்கியது ஜெர்மனி, சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும். அந்தக் கொழுப்புக்கு ஐரோப்பியச் சந்தையில் 'இலிப்பே' என்று பெயர். நம் 'இலுப்பை'தான் அவர்கள் வாயில் அப்படியானது. பிறகு போர்னியோ தீவிலிருந்து வேறொரு மரத்தின் கொழுப்பு வந்தது. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்ததால் அதையும் இலிப்பே என்றார்கள். இன்று ஐரோப்பிய ஒன்றியம் சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதிக்கும் ஆறு தாவரக் கொழுப்புகளில் இலிப்பேயும் ஒன்று. அது போர்னியோச் சரக்கு, நம் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயர் தமிழ், லாபம் வேறு மரத்துக்கு.

மரத்தின் கட்டை கனமானது, சிவந்தது, சுலபத்தில் உளுக்காது, ஈரத்தைத் தாங்கும். கோயில் தேர் செய்யும் ஸ்தபதிகள் இலுப்பை என்றால் விடமாட்டார்கள். வேங்கை, தேக்கோடு சேர்த்து இன்றும் புதுத் தேர்களுக்கு இலுப்பைதான் கேட்கிறார்கள். தெருவில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்று, ஆண்டில் ஒரு நாள் டன் கணக்கில் பாரம் சுமந்து அசைந்து நகரவேண்டிய வண்டிக்கு வேறு கட்டை சரிப்படாது என்பார்கள். சாமி விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரமே சாமியின் வண்டியாகிறது. ஆனால் வண்டியாக வேண்டுமென்றால் மரம் சாகவேண்டுமே. தோப்பை வளர்த்ததும் கோயில், வெட்டுவதற்குக் காரணமானதும் கோயில் என்ற முரண் இதில் உண்டு.

இலங்கையில் இந்த மரத்துக்குச் சிங்களத்தில் 'மீ' என்று பெயர். அங்கே அது குளத்து மரம். வறண்ட மண்டலத்தின் பழைய ஏரிகளில் நீர்ப்பரப்புக்கு மேல்புறம் ஒரு மரக்கூட்டத்தை விட்டுவைப்பார்கள். காற்றைத் தடுக்கும், வண்டலை நிறுத்தும். மருதும் மீயும் அந்தக் கூட்டத்தில் முக்கியமானவை. வயலோரத்தில் மீ நின்றால் வௌவால் வரும், அதன் எச்சம் வயலுக்கு எரு என்று சிங்கள விவசாயிகள் சொல்வார்கள். வன்னியிலும் கிழக்கிலும் தமிழ் ஊர்ப் பெயர்கள் சாட்சி சொல்கின்றன: மன்னாரில் இலுப்பைக்கடவை, மட்டக்களப்பில் இலுப்படிச்சேனை. இலுப்பைக்குளங்கள் பல.

பிறகு என்ன ஆயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மண்ணெண்ணெய் டின்னில் வந்து இறங்கியது. சிம்னி விளக்கின் வெளிச்சத்துக்கு முன்னால் அகல் விளக்கு நிற்க முடியவில்லை. வீட்டு விளக்கு போனது. அப்புறம் மின்சாரம் வந்து கோயில் விளக்கையும் பெரும்பாலும் கொண்டுபோனது. எண்ணெய்க்குக் கொஞ்ச காலம் சோப்புக்காரர்கள் ஆதரவு கொடுத்தார்கள். மலிவான பாமாயில் வந்ததும் அதுவும் குறைந்தது. மாட்டுச்செக்கு நின்றதும் சில மூட்டைக் கொட்டையை ஆட்டிக்கொடுக்க ஆளில்லை. யாரும் மரத்தை வெறுக்கவில்லை. பங்குதாரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், அவ்வளவுதான். கடைசியில் நிழல் மட்டும் மிஞ்சியது. தோப்புப் புறம்போக்காக இருந்த இடங்களில் பேருந்து நிலையமும் பள்ளிக்கூடமும் அலுவலகமும் வந்தன. சாலை அகலமானபோது ஓரத்துப் புளியோடு இலுப்பையும் சாய்ந்தது.

இப்போது ஐந்து எண்ணெய்க் கூட்டு என்று பாட்டில்களில் விளக்கேற்றும் எண்ணெய் விற்கிறார்கள். அதில் இலுப்பையும் ஒன்று என்று பெயர் போட்டிருந்தது. எத்தனை சதவீதம் என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குத்துவிளக்குப் படம் இருந்தது, கணக்கு இல்லை. மார்கழியில் அது உறைகிறதா என்று பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. தேங்காய் எண்ணெய் கலந்திருந்தாலும்தான் உறையும்.

சரி, திரும்ப நட்டால் வராதா என்றால், அங்கேதான் இலுப்பையின் குணம் குறுக்கே நிற்கிறது. இதன் விதை காத்திருக்கத் தெரியாத விதை. நெல்லைப் போலக் காயவைத்துச் சேமிக்க நினைத்தால், உள்ளிருக்கும் ஈரத்தோடு உயிரும் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த சில வாரங்களுக்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும். பாக்கெட் விதையாக ஊர் ஊராக அனுப்பவோ, கிட்டங்கியில் வைத்து அடுத்த ஆண்டு நாற்றுப் போடவோ தோதுப்படாது. நட்ட பிறகும் பத்தாண்டுக்கு மேல் பொறுத்தால்தான் ஒழுங்கான காய்ப்பு. மூன்றாண்டில் காய்க்கும் ஒட்டுச் சப்போட்டா, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அதன் சொந்தக்காரன், எல்லா நாற்றுப் பண்ணையிலும் வரிசையாக நிற்கிறான். இலுப்பைக் கன்று வேண்டுமென்றால் வனத்துறை நாற்றங்காலிலோ மரம் நடுவதையே வேலையாகக் கொண்ட சில ஆட்களிடமோ சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

மரம் மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. ஆடிக் காற்றில் பழம் உதிர்கிறது. இரவெல்லாம் வௌவால் சத்தம், காலையில் தரையெங்கும் பளபளவென்று கொட்டை. பொறுக்க ஆளில்லாததால் இப்போது நிறையவே கிடக்கிறது. ஆவணியில் இரண்டு மழை பெய்தால் தாய்மரத்தடியில் நூற்றுக்கணக்கில் முளைத்து, செம்பு நிறத்தில் இரண்டு மூன்று இலை விடும். தோப்பைச் சுத்தமாக வைத்திருக்கும் கோயில்களில் துடைப்பம் அதை வாரிக்கொண்டு போகும். துடைப்பம் படாத தோப்புகளில் ஆடு மேயும்.